பரோன் வீட்டுப் பதினாறு கேடயங்கள்

அந்தப் பலகையின் முன்னால் அப்பா நின்ற நிற்பு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. கைகளைப் பின்னால் கட்டி, தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, மூக்குக் கண்ணாடிக்குக் கீழால் பார்த்துக்கொண்டு நின்றார். கோயிலில் உபயகாரர் பெயர்களை வாசிக்கும்போதும் இப்படித்தான் நிற்பார்.

ஆள் உயரப் பலகை அது. கறுத்துப்போன பழைய மரம். அதில் பதினாறு சின்னக் கேடயங்களை வரைந்து வைத்திருந்தார்கள். ஒன்றில் கரடி, ஒன்றில் மூன்று மீன், இன்னொன்றில் வெறும் சிவப்புப் பட்டை. பக்கத்தில் அந்த மாளிகையின் சொந்தக்காரரான கிழவர், முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட கோட்டோடு நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய காலடியில் ஒரு கிழட்டு நாய். தரை மெழுகும் ஈரச் சுவரும் நாயும் கலந்த ஒரு வாசனை அந்த நடையெங்கும் இருந்தது.

என் மகள் ஆரணியின் கலியாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போயிருந்தோம்.

போன கிழமை இந்தப் பத்தியில் எங்களுடைய முதல் வாடகை வீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு தோழி, “உங்கட அப்பா எவ்வளவு நல்ல மனுசன்” என்று தொலைபேசியில் உருகினாள். நல்ல மனுசன்தான். அதனால்தான் இந்தக் கிழமை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் போன கிழமை எழுதியதெல்லாம் பாதிப் பொய்யாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

அகழிக்குள் ஒரு வீடு

அந்தக் குடும்பத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஊரிலும் யாரும் பெயர் சொல்வதில்லை, ‘பரோன் வீடு’ என்றால் போதும். பிரபுப் பட்டங்களுக்கு இப்போது சட்டத்தில் மதிப்பில்லை என்றாலும் பேக்கரிப் பெண்கூட அவரை ‘ஹெர் பரோன்’ என்றுதான் கூப்பிடுகிறாள். ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் டோர்ட்மண்டிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் கார் ஓட வேண்டும். சோள வயல்கள் முடிந்ததும் இரு பக்கமும் லிண்டன் மரங்கள் வரும், அதற்குப் பிறகு தண்ணீர்.

எங்கள் ஆட்கள் இதைக் கோட்டை என்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு இது கோட்டையே இல்லை. பெரிய செங்கல் வீடு, சுற்றிவர அகழி, அகழி முழுக்கப் பச்சைப் பாசி. வாத்து ஒன்று பாசியைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் கறுப்பாக ஒரு கோடு விழும். கொஞ்ச நேரத்தில் பாசி மறுபடி மூடிக்கொள்ளும்.

சதுப்பு நிலம் என்பதால் முதலில் மரத்தூண்களை இறக்கி அதற்கு மேல் கட்டினார்களாம். ஒரு நீண்ட போரில் எரிந்து, அடுத்த தலைமுறை திரும்பக் கட்டியதாம். கடைசி உலகப் போர் முடிந்த கையோடு கிழக்கிலிருந்து ஓடி வந்த அகதிகளை அரசாங்கம் இதற்குள் குடியேற்றியதாம். மூதாதையரின் படம் தொங்கிய மண்டபத்தில் குழந்தைகளின் அரைத்துணி காய்ந்ததாக பரோன் சொன்னார். அப்போது அவர் சின்னப் பையன். சொல்லும்போது இன்னும் முகம் சுளித்தது.

இப்போது கூரை ஒழுகுகிறது. அதனால் மண்டபத்தைக் கலியாணங்களுக்கு விடுகிறார்கள். மாளிகை என்றால் எங்கள் சனத்துக்குச் சொல்லவா வேண்டும்? பெரியபிள்ளையான பெண்ணின் சாமத்தியவீட்டுக்குக் குதிரை வண்டி, பட அல்பத்துக்கு ஒரு கோபுரம். ஐரோப்பாவில் எங்கள் பிள்ளைகள் ஏறாத குதிரை வண்டி இனிமேல் செய்தால்தான் உண்டு.

ஆரணிக்கு இதிலெல்லாம் ஆசை இல்லை. ஆசைப்பட்டவர் அப்பா. “என்ர பேத்தியின்ர கலியாணம் ஒரு கோட்டையில நடக்கோணும்” என்று அவர்தான் ஒற்றைக் காலில் நின்றார். ஆரணியின் தகப்பன் அவள் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே இறந்துபோனார். தாரை வார்த்துக் கொடுக்கப் போகிறவர் அப்பாதான். அவர் ஆசைப்பட்டால் மறுக்க மனம் வருமா?

சுகர்

காரில் நாலு பேர். முன்னால் அப்பா. பின்னால் ஆரணியும், அவள் தானே விரும்பிய மாப்பிள்ளை நிலவனின் அம்மா ராணி அக்காவும். நிலவனுக்கு ஹம்பேர்க்கில் வேலை, அன்றைக்கு வர முடியவில்லை.

ராணி அக்கா முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறார். டோர்ட்மண்ட் ஆட்களைப் போலவே சொற்களைப் பாதியில் கடித்து விழுங்கி ஜேர்மன் பேசுவார். சிரிக்கும்போது தோள் இரண்டும் குலுங்கும். எனக்கு அவரைப் பார்த்த அன்றைக்கே பிடித்துவிட்டது.

வழியில் பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினார். மட்டன் ரோல்ஸ் செய்து கொண்டு வந்திருந்தார், இன்னும் சூடு ஆறவில்லை. கார் முழுக்க மிளகு வாசம்.

“ஐயா, ஒண்டு எடுங்கோ.”

“வேண்டாம். எனக்குச் சுகர்.”

“ரோல்ஸில என்ன சீனியே இருக்கு?” என்று ஆரணி சிரித்தாள்.

“உறைப்பும் எனக்கு ஒத்துவராது பிள்ளை.”

நான் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன்.

அப்பா ராணி அக்காவின் கையால் எதையும் வாங்கிச் சாப்பிட்டு நான் கண்டதில்லை. அவர்கள் வீட்டுக்கு முதல் முறை போனபோது விரதம் என்றார். அடுத்த முறை வயிறு சரியில்லை. நிச்சயதார்த்தத்தன்று ஒரு ஒரேஞ் சோடாப் போத்தலைத் தானே எடுத்து, தானே மூடியைத் திறந்து குடித்தார். சுகர்காரர் சோடா குடிக்கிறாரே என்று நான் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ராணி அக்காவும் கூடச் சிரித்தார் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரே சட்டி

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

நாங்கள் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது நான் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தேனாம். பிறகு பேர்லினிலிருந்து வெஸ்ட்ஃபாலன் பக்கத்து அகதி முகாம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அந்த முகாமின் சமையலறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரே ஒரு அடுப்பு. யாழ்ப்பாணத்தின் எல்லாப் பக்கத்து ஆண்களும் முறை வைத்துச் சமைப்பார்கள். ஒரே சட்டியில் கோழிக்கறி, எல்லோரும் சுற்றி இருந்து பாண் ரொட்டியைக் கிழித்துத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். அப்பாவும்தான். அடிச்சட்டியில் ஒட்டியிருக்கும் குழம்புக்கு அவர் சண்டை பிடிப்பார்.

ஆர் சமைத்தது என்று அப்போது யாரும் கேட்டதில்லை.

பிறகு ஒவ்வொருவருக்கும் விசா கிடைத்தது. வீடு கிடைத்தது. வீட்டுக்குக் கதவு வந்தது, கதவுக்கு மணி வந்தது. அப்போதிருந்து ‘விசாரிக்கிறது’ என்ற வேலையும் தொடங்கியது. பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசும்போது லண்டனுக்கு ஒரு தொலைபேசிக் கோல், கனடாவுக்கு ஒரு கோல், ஊரில் மிச்சம் இருக்கிற யாருக்காவது ஒரு கோல். “ஆக்கள் எப்பிடி?” என்று கேட்பார்கள். அந்த ‘எப்பிடி’க்குள் என்ன இருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆரணியின் விஷயத்தில் அப்பா அதைச் செய்திருக்க மாட்டார் என்று நம்பினேன். ஏன் நம்பினேன்? என் அப்பா, அவ்வளவுதான்.

பலகைக்கு முன்னால்

பலகைக்குத் திரும்புகிறேன்.

“இது எங்கள் குடும்பத்து இளைஞன் ஒருவனுக்காகச் செய்தது” என்றார் பரோன். “அந்தக் காலத்தில் பேராலயத்தின் உயர்சபையில் இடம் வேண்டுமென்றால் நாலு தலைமுறைக்கு முந்திய பதினாறு பேரும் பிரபுக்கள் என்று நிரூபிக்க வேண்டும். தாய் வழியிலும் தந்தை வழியிலும். ஒரு கேடயம் பிழையாக இருந்தாலும் கதவைச் சாத்திவிடுவார்கள்.”

வனக்காவலரின் மகனைக் கட்டிக்கொண்டு போன ஒரு மகளின் படம் இன்னும் பரணில் கிடக்கிறது என்றும் சொன்னார். அவருக்கு அது ஒரு வேடிக்கைக் கதை.

நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் பல வருடங்கள் ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவியவர், அடுப்படி ஜேர்மனைத் தாண்டி அவருக்கு ஓடாது. கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியே பிள்ளை, இவையள் மடையர் இல்லை. விசாரிச்சுத்தான் செய்திருக்கினம்.”

மொழிபெயர்ப்பது என் தொழில். நீதிமன்றம், ஆஸ்பத்திரி, வெளிநாட்டவர் அலுவலகம் என்று எல்லா இடத்திலும் அடுத்தவர் சொல்வதைச் சொல்லிச் சொல்லி, காதில் விழுவது வாயால் தானாக வந்துவிடும். இதுவும் வந்தது.

பரோனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அப்படியா? உங்களிடமும் இது உண்டா? நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?”

“எங்களுக்குப் பலகை தேவையில்லை” என்றார் அப்பா. “எந்த ஊர் எண்டு கேப்பம். பிறகு ஊரில எந்தப் பக்கம். பிறகு எந்தக் கிணறு. ஆர் எந்தக் கிணத்தில அள்ளினவை எண்டு தெரிஞ்சாச் சரி.”

சொன்னேன். இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். கூடப் படித்தவர்கள் கனகாலத்துக்குப் பிறகு சந்தித்ததைப் போல இருந்தது. நான் நடுவில் நின்று இங்கேயும் அங்கேயும் திரும்பிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அப்பா ஒரு பரோனோடு சரிக்குச் சரி நின்று பேசுகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

“கிணறு இல்லாதவர்கள்?” என்று பரோன் கேட்டார்.

“அவையள் தள்ளி நிண்டு கேப்பினம். நாங்கள் அள்ளிக் கையில ஊத்தி விடுவம். கயித்தைத் தொட விடுறேல்லை.”

அதை ஜேர்மனில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் கண் பக்கவாட்டில் போனது. ராணி அக்கா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரியவில்லை. வசனத்தை முடித்தேன்.

அந்த ஒரு கணத்தில் விரதமும் வயிறும் சுகரும் சோடாப் போத்தலும் எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது. அப்பா விசாரித்திருக்கிறார். எப்போதோ விசாரித்து முடித்து, பேத்தியின் பிடிவாதத்துக்காக வாயை மூடிக்கொண்டு, கலியாணத்துக்குச் சம்மதித்து, அவர்கள் வீட்டுத் தண்ணீரை மட்டும் தொடாமல் இருந்திருக்கிறார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இது எனக்குத் தெரியாமல் இருந்ததும் வெட்கம், ராணி அக்காவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்பது அதைவிடப் பெரிய வெட்கம்.

பாலத்துக்கு அங்கால

ராணி அக்கா பரோனிடம் திரும்பி, அவருக்கேயுரிய அந்தக் கடித்து விழுங்கும் ஜேர்மனில் சாதாரணமாகக் கேட்டார்.

“அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் வந்தால் எதுவரை விட்டிருப்பீர்கள்?”

பரோன் நல்ல மனநிலையில் இருந்தார். ஜன்னலால் கையைக் காட்டினார். “பாலத்துக்கு அந்தப் பக்கம். பன்றித் தொழுவம் இருந்தது. குடியானவர்கள் அங்கேதான் நிற்பார்கள். கலியாணம் செய்வதென்றாலும் பிரபுவிடம் அனுமதி கேட்டு அங்கேதான் காத்திருக்க வேண்டும்.” சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். குனிந்து நாயின் காதைத் தடவினார்.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“எங்களை மாதிரி ஆக்களைப் பாலத்துக்கு அங்கால, பண்டிக் கொட்டிலடியில நிப்பாட்டி வச்சிருப்பினமாம்.”

அப்பா பலகையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். “எங்களையுமோ?”

“ஓம் அப்பா. எங்களையும்தான்.”

ஆரணி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. ராணி அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

முற்றத்துக் கூழாங்கற்களில் அவருக்குப் பின்னால் ஓடினேன். பாலத்தடியில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

“ஏன் தங்கச்சி அழுறீங்கள்? நீங்கள் வடிவாத்தான் மொழிபெயர்த்தீங்கள். ஒரு சொல்லும் விடேல்லை. எனக்கு முதல்ல தமிழில விளங்கினது, பிறகு ஜேர்மனிலயும் விளங்கிச்சு.”

“அக்கா, எனக்கு உண்மையாத் தெரியாது.”

“தெரியாட்டி இப்ப தெரியுந்தானே. என்ர அம்மா அப்பிடிக் கையை ஏந்திக் குடிச்ச ஆள். என்ர பிள்ளைக்கு நான் இது ஒண்டும் சொல்லி வளக்கேல்லை. இனியும் சொல்ல மாட்டன்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு தெளிவாகச் சொன்னார்.

“பிள்ளையளின்ர கலியாணம் நடக்கட்டும். இந்த மண்டபம் வேண்டாம். உங்கட அப்பா கலியாணத்துக்கு வாறதெண்டால் முதல் ஒரு நாள் என்ர வீட்டை வந்து சாப்பிடோணும். கலியாணச் சனத்துக்க ஆர் சாப்பிட்டது, ஆர் சாப்பிடேல்லை எண்டு தெரியாது. என்ர வீட்டில, என்ர கண்ணுக்கு முன்னால. ஏலாதெண்டால் வரவேண்டாம். உங்களாலயும் ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ.”

“ஏலும்” என்றேன். என் வாழ்க்கையில் ஒரு சொல்லை அவ்வளவு பயந்துகொண்டு சொன்னதில்லை.

மூன்று ஞாயிறுகள்

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். ஆரணியும் பக்கத்தில் இருந்தாள்.

“நான் என்ன பொய்யே சொன்னனான்? ஊரில நடந்ததைத்தானே சொன்னன்.”

“பொய் இல்லை அப்பா. அதுதான் வெட்கம்.”

“அம்மப்பா, ஒரு நேரச் சாப்பாடுதானே” என்றாள் ஆரணி. “எனக்காக வாங்கோ.”

“பாப்பம்” என்றார்.

முதல் ஞாயிறு அவருக்குக் காய்ச்சல் என்றார். தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. இரண்டாவது ஞாயிறு முழங்கால். மூன்றாவது ஞாயிறு சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கார் வரைக்கும் வந்துவிட்டு, “அவ ஆர் எனக்குச் சொல்ல?” என்று திரும்பிப் போனார். மூன்று முறையும் ராணி அக்கா சமைத்து வைத்திருந்தார். மூன்று முறையும் நானும் ஆரணியும் போய்த் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டோம். ராணி அக்கா சோறும் நண்டுக் கறியுமாக எங்கள் கோப்பைகளை நிரப்பிக்கொண்டே இருந்தார்.

இதற்கிடையில் மண்டபம் வேண்டாம் என்று பரோனுக்கு அறிவித்தேன். அவர் மிகவும் வருந்தினார். என் தகப்பனாருக்குத் தன் வணக்கத்தைச் சொல்லும்படியும், அவ்வளவு பண்பான ஒரு மனிதரைச் சந்தித்தது மகிழ்ச்சி என்றும் சொன்னார். அந்த வணக்கத்தை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

கலியாணத்தன்று

டோர்ட்மண்டில், கார் திருத்தும் கடைகளுக்குப் பின்னால் உள்ள ஒரு சாதாரண மண்டபத்தில் கலியாணம். ஆரணியை விடியக் காலையிலேயே அலங்காரத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். நான் கடைசியாகத் தட்டங்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அப்பா வரவேற்பறையில் தயாராக இருந்தார். பட்டு வேட்டி, சால்வை, நெற்றியில் திருநீறு, சந்தனப் பொட்டு. தலைமுடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். கடைசி நேரத்தில் நான் இறங்கி வந்துவிடுவேன் என்றுதான் அவர் நம்பியிருந்தார். இத்தனை வருடமும் நான் அப்படித்தானே இருந்தேன்.

“வெளிக்கிடுவமே?” என்றார்.

“அப்பா, நீங்கள் வரேல்லை.”

அவருக்கு விளங்கவில்லை. அல்லது விளங்கியும் நம்பவில்லை.

“அப்ப தாரை வாக்கிறது ஆர்?”

“நான்.”

“நீ செய்யேலாது பிள்ளை. நீ ஒரு...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். புருஷன் இல்லாதவள் என்பதற்கு ஊரில் இருக்கும் சொல் எனக்குத் தெரியும்.

கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன். வயது போன ஒரு மனிதரைப் பட்டு வேட்டியோடு தனியே இருத்திவிட்டு வருகிறேன் என்று நினைக்க எனக்கு என்னையே பிடிக்கவில்லை. திரும்பி ஏறிப் போய்க் கூட்டி வரலாமா என்றுகூட நினைத்தேன். மூன்று ஞாயிறும் நிரம்பிக்கொண்டே இருந்த அந்தக் கோப்பைகளை நினைத்துக் காரை எடுத்தேன்.

மணவறையில் நான்தான் தாரை வார்த்தேன். ஐயர் மந்திரத்தைத் தொடர்ந்தார். சபையில் இரண்டு மூன்று பேர் குசுகுசுத்தார்கள். மகளின் கையில் செம்பால் தண்ணீர் விடும்போது, ராணி அக்கா பக்கத்தில் வந்து என் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

சமையல் ராணி அக்காவின் தம்பியும் அவருடைய ஆட்களும். பந்தி முடிந்ததும் ராணி அக்கா ஒரு பெட்டியில் சோறு, கத்தரிக்காய்க் கறி, பருப்பு, பாயாசம் எல்லாம் போட்டு என்னிடம் தந்தார். “ஐயா பசியோட இருப்பார். கொண்டு போய்க் குடுங்கோ” என்றார். அதை வாங்கும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அப்பா அதே சோபாவில், அதே வேட்டியோடு இருந்தார். ஒரு தேத்தண்ணிகூடப் போட்டுக் குடித்ததாகத் தெரியவில்லை. பெட்டியை அவருக்கு முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன். வாசனை எழும்பியது. அவர் குனிந்து பார்த்தார். பசி முகத்தில் தெரிந்தது. கை நீட்டப் போகிறார் என்றே நினைத்தேன்.

“ஆர் சமைச்சது?” என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். பெட்டியை என் பக்கம் இழுத்து, அவருக்கு முன்னாலேயே இருந்து, கடைசிப் பருக்கை வரைக்கும் நானே சாப்பிட்டேன்.